மலை இறங்குறதுக்கு முன்னாடி

(கொல்லிமலை, திருப்புலி நாட்டில் பொங்கலுக்கு முந்தைய வாரம் நடந்த ஊர்க் கூட்டத்தில், அங்கே இ-சேவை மையம் நடத்தும் பெண் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மைக் இல்லாமலே பேசுறேன். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேட்கலைன்னா கையைத் தூக்குங்க. பனி இறங்குறதுக்குள்ள முடிச்சிடணும்னு ஊர்க் கவுண்டர் ஐயா சொல்லியிருக்காரு.

பொங்கல் முடிஞ்ச கையோட மேஸ்திரி வண்டி வந்து நிக்கும். குடகுக்கு, சிக்கமகளூருக்கு, வயநாட்டுக்கு. 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிக் காரவள்ளியைத் தாண்டிட்டோம்னா, திரும்பப் பங்குனி, சித்திரையிலதான் மலை ஏறுவோம். மிளகு பறிக்க நம்மளைத் தேடி ஏன் வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். சில்வர் ஓக் மரத்துல ஒத்தை ஏணியைச் சாத்தி, அவ்வளவு உசரத்துல நின்னுக்கிட்டு ஒரு கையால கொடியைப் பிடிச்சு இன்னொரு கையால சரத்தைக் கிள்ளுறது எல்லாருக்கும் வராது. நாம நம்ம தோட்டத்துல சின்ன வயசிலேர்ந்து பழகின வேலை அது.

போன வாரம் என் மையத்துக்கு ஒரு அக்கா வந்தாங்க. "பாப்பா ஏழாவது படிக்குது. இந்தத் தடவை அங்கேயே ஒரேயடியாத் தங்கிடலாம்னு அவரு சொல்றாரு. எஸ்டேட்டுல வீடு தர்றாங்களாம். பாப்பாவுக்கு டிசி வாங்கணும், ஒரு மனு எழுதிக் கொடு"ன்னாங்க. நான் உடனே எழுதிக் கொடுக்கலை. "கூட்டத்துக்கு வாங்க அக்கா, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. யாருன்னு திரும்பிப் பார்க்காதீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். போகாதீங்கன்னு சொல்ல நான் வரலை. அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. எங்க அப்பா குடகுக்கு மிளகு பறிக்கப் போய்க் கொண்டாந்த காசுலதான் நாங்க வீட்டுக்கு ஓடு மாத்தினோம். என் தம்பி கல்யாணம் முடிஞ்ச கையோட அங்கேயே போய்த் தங்கிட்டான். இப்ப பல வருஷம் ஆச்சு. அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. இங்க மரவள்ளி போட்டா, சேலத்துல சேகோ ஆலைக்காரங்க சொல்ற விலைதான். ஒரு வருஷம் கைக்கு வரும், ரெண்டு வருஷம் வண்டி வாடகைக்கே சரியாப் போகும். அங்க காப்பி முடிஞ்சா மிளகு, மிளகு முடிஞ்சா களையெடுப்பு, உரம், நிழல் மரம் கவாத்துன்னு வருஷம் முழுக்க ஏதாவது வேலை இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை கையில காசு. என் தம்பி பொண்டாட்டி இன்னொண்ணும் சொல்லுவா: "அங்க புள்ளைக்குக் காய்ச்சல்னா பஸ் ஏறினா ஆஸ்பத்திரி. உங்க ஊர்ல செம்மேடு போறதுக்குள்ள விடிஞ்சிரும்." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஆனா சீசனுக்குப் போறது வேற, குடிபெயர்றது வேற. சீசனுக்குப் போறவன் பையை எடுத்துக்கிட்டுப் போறான். குடிபெயர்றவன் தன்னோட பேரையே எடுத்துக்கிட்டுப் போறான். ரேஷன் அட்டையில இருக்கிற பேரு, பள்ளிக்கூடப் பதிவேட்டுல இருக்கிற பேரு, சாதிச் சான்றுல இருக்கிற பேரு, வாக்காளர் பட்டியல்ல இருக்கிற பேரு. இதுல எது கூட வரும், எது காரவள்ளி செக்போஸ்ட்டோட நின்னுடும்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும். அதைச் சொல்லத்தான் நான் நிக்கிறேன்.

கூட வர்றதை முதல்ல சொல்றேன், அது சுலபம்.

அரிசி வரும். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' நம்ம தமிழ்நாட்டுல 2020 அக்டோபர் 1-லேர்ந்து இருக்கு. ஆனா எல்லா அட்டைக்கும் இல்லை. உங்க ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்க. பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்.னு குறியீடு இருந்தா வெளி மாநிலத்துல செல்லும். என்.பி.எச்.எச்.னு இருந்தா தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் வாங்கலாம், ஆனா ஓசூரைத் தாண்டினா செல்லாது. செல்லும்னு சொன்ன அட்டைக்கும் மத்திய அரசு ஒதுக்குற தானியம் மட்டும்தான் அங்க கிடைக்கும். நம்ம கடையில வாங்குற சர்க்கரை, பருப்பு, பாமாயில் அங்க கிடைக்காது. புது அட்டை எதுவும் வேண்டாம். அட்டை நம்பரோ ஆதார் நம்பரோ சொல்லி விரல் வெச்சாப் போதும். குடும்பத்துல பாதிப் பேரு அங்க, பாதிப் பேரு இங்கன்னாலும் பிரிச்சு வாங்கலாம். அங்க போனவங்க மொத்தத்தையும் வாங்கிட்டா இங்க இருக்கிற அப்பத்தாவுக்கு ஒண்ணும் இருக்காது, அதைப் பேசி வெச்சுக்குங்க. கடைக்காரர் தரமாட்டேன்னா 14445-க்குப் போன் பண்ணுங்க.

விரல் வெச்சாப் போதும்னு சொன்னேன்ல, அதுல ஒரு சிக்கல். மூணு மாசம் மிளகு கிள்ளினா ரேகை தேஞ்சு போகுது. மெஷின்ல விழ மாட்டேங்குது. அதனால வீட்டுல எல்லார் பேரும் ஆதாரோட இணைஞ்சிருக்கான்னு பார்த்து, கைரேகைப் பதிவை இங்கயே முடிச்சிட்டுப் போங்க. வீட்டுல ஒருத்தர் ரேகை விழலைன்னா அட்டையில இருக்கிற இன்னொருத்தர் வைக்கலாம்.

அடுத்தது போன். சிரிக்காதீங்க, என் மையத்துல வர்ற தொல்லையில பாதி இதுதான். அங்க போனதும் டவர் கிடைக்கலைன்னு அந்த ஊர் சிம் ஒண்ணு வாங்கிப் போடுறீங்க. பழைய சிம்மைக் கழட்டி எங்கயோ வெச்சிடுறீங்க. 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லைன்னா கம்பெனிக்காரன் அந்த நம்பரை எடுத்துடலாம். நம்ம சீசனும் ஏறக்குறைய 90 நாள்தான்! அப்புறம் உங்க நம்பர் யாரோ ஒருத்தர் கைக்குப் போயிடலாம். உங்க ஆதாருக்கு வர்ற ஓ.டி.பி., பேங்கு மெசேஜ் எல்லாம் அவருக்குப் போகும். அப்புறம் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியாது, டிஜிலாக்கர் திறக்காது. நம்பரை மாத்தணும்னா ஆதார் மையத்துக்கு நேர்ல போய் விரல் வெச்சு மாத்தலாம். பழைய சிம்மை ரெண்டாவது ஸ்லாட்டுல போட்டு வைங்க. இல்லைன்னா நம்பரை மாத்தாம கம்பெனியை மட்டும் மாத்துங்க. 2015-லேர்ந்து எந்த மாநிலத்துக்குப் போனாலும் அது முடியும்.

வைத்தியம். நம்ம முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் மத்திய அரசோட ஆயுஷ்மான் திட்டமும் 2018-ல ஒண்ணாச் சேர்ந்து நடக்குது. அதுல ஆயுஷ்மான் பயனாளிப் பட்டியல்லயும் பேரு இருக்கிறவங்களுக்குத்தான் வெளி மாநில ஆஸ்பத்திரியில செல்லும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். மாநிலப் பட்டியல்ல மட்டும் இருந்தா செல்லாது. எந்தப் பட்டியல்னு 14555-ல கேட்டுட்டு இறங்குங்க. ஏணியிலேர்ந்து விழுந்தப்புறம் கேட்கிற கேள்வி இல்லை அது.

ஏணின்னதும் ஒண்ணு. மூங்கில் ஏணியை விட அலுமினிய ஏணி லேசா இருக்குன்னு இப்ப எல்லா எஸ்டேட்டுலயும் அதுதான். தோட்டத்து வழியா கரண்டு கம்பி போற இடத்துல அதைத் தூக்கி நகர்த்தாதீங்க, படுக்க வெச்சு நகர்த்துங்க. வேலை செய்யும்போது அடிபட்டா, சட்டப்படி இழப்பீடு சீசன் ஆளுக்கும் உண்டு. ஆனா நீங்க அங்கதான் வேலை பார்த்தீங்கன்னு காட்ட ஏதாவது வேணும். அதுக்குத்தான் இ-ஷ்ரம் அட்டை எடுக்கச் சொல்றேன். 16 வயசுலேர்ந்து 59 வரைக்கும் எடுக்கலாம், காசு கிடையாது. அதோட, போய் இறங்கின அன்னைக்கே எஸ்டேட்டோட பேர்ப்பலகை முன்னாடி நின்னு எல்லாரும் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. சம்பளச் சீட்டு கொடுத்தா அதையும் போட்டோ எடுங்க. கேரளாவுக்குப் போறவங்க, அந்த மாநில அரசு 2017-ல தொடங்கின 'ஆவாஸ்' காப்பீடு பத்தி அங்க தொழிலாளர் ஆபீசுல விசாரிங்க. அது வெளி மாநிலத்துக்காரங்களுக்குன்னே வந்தது.

சரி. இனிமே கூட வராததைச் சொல்றேன். இதுக்குத்தான் கூட்டம்.

நம்ம சாதி 'மலையாளி'. கேரளாவுல போய் "நாங்க மலையாளிங்க"ன்னு சொன்னா, அவங்க சிரிச்சுட்டு "நாங்களும்தான்"னு சொல்லுவாங்க. இங்க அது பழங்குடி. அதுவும் தமிழ்நாடு முழுக்க இல்லை, தெரியுமா? பட்டியல்ல தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சின்னு பழைய மாவட்டங்களோட பேரைப் போட்டுத்தான் இருக்கு. நாம பழைய சேலம் மாவட்டம். நாமக்கல் தனியாப் பிரிஞ்சது 1997-லதான். அந்தியூருக்கு மேல பர்கூர் மலையில இருக்கிற மலையாளி நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான், ஆனா ஈரோடு மாவட்டம்கிறதால அவங்களுக்குப் பழங்குடிச் சான்று இல்லை. எத்தனையோ வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஒரு மாநிலத்துக்குள்ளேயே இப்படின்னா, மாநிலம் தாண்டினா?

கர்நாடகப் பட்டியல்ல நம்ம பேரு இல்லை. கேரளப் பட்டியல்லயும் இல்லை. அப்படியே ஒரே பேரு ரெண்டு மாநிலத்துல இருந்தாலும், சொந்த மாநிலத்துச் சான்றை வெச்சு இன்னொரு மாநிலத்துல சலுகை கேட்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 1990-லயே சொல்லி, 2018-ல அஞ்சு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி பண்ணியாச்சு. காரணம் என்னன்னா, ஒரு சாதி பின்தங்கியிருக்கிறது அந்தந்த இடத்தைப் பொறுத்தது, அதனால பட்டியலும் மாநிலவாரியாத்தான். சட்டம் படிச்சவங்களுக்கு அது சரியாப் படலாம். மிளகு மரத்துல நிக்கிறவனுக்கு இங்க பழங்குடி, அங்க பொதுப்பிரிவுன்னா புரிய மாட்டேங்குது. ஆனா நடைமுறை அதுதான்.

என் தம்பி பையன் கதையைச் சொல்றேன். அவன் ஒண்ணாவதுலேர்ந்து அங்கதான் படிச்சான். நல்லாப் படிக்கிற பையன். பன்னெண்டாவது முடிச்சதும் கர்நாடகாவுல இன்ஜினியரிங் விண்ணப்பிக்கப் போனா, பழங்குடின்னு போட முடியலை. பொதுப்பிரிவுல அவன் மார்க்குக்குக் கிடைச்ச காலேஜுக்குப் பணம் கட்ட முடியலை. சரி, தமிழ்நாட்டுலதான் நமக்கு உரிமை இருக்கேன்னு இங்க வந்தான். உரிமை இருந்துச்சு. காட்டக் காகிதம் இல்லை. என் தம்பி அங்க புது ரேஷன் அட்டை வாங்கறதுக்காக இங்க பேரை நீக்கிட்டான். அவனோட சாதிச் சான்று பழைய கையெழுத்துச் சான்று, அதையும் தொலைச்சிட்டான். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர்தான் கொடுக்கணும். விசாரணை இருக்கு, அப்பா வழி ஆதாரம் வேணும், இருப்பிடத்துக்கு ஆதாரம் வேணும். பையனோட பள்ளிக்கூடச் சான்றுல சாதின்னு இருக்கிற இடத்துல அந்தப் பள்ளிக்கூடத்துல வேற ஏதோ எழுதி வெச்சிருந்தாங்க, கன்னடத்துல. அதை நாங்க பன்னெண்டு வருஷமாப் படிச்சே பார்க்கலை. அதைத் திருத்தறதுக்கு இங்கயும் அங்கயும் நடந்தோம். சான்று கைக்கு வந்தப்போ கவுன்சலிங் முடிஞ்சிருந்துச்சு. யார் மேலயும் குத்தம் சொல்ல மாட்டேன். இத்தனைக்கும் நான் இ-சேவை மையம் வெச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் சான்று எடுத்துக் கொடுக்கிறவ, சொந்தத் தம்பி பையனுக்கு முன்கூட்டி எடுத்து வைக்கலை.

இப்ப அவன் அந்த எஸ்டேட்டுல டிராக்டர் ஓட்டுறான். சம்பளம் பரவாயில்லைங்கிறான்.

(கூட்டத்தில் ஒருவர்: "அப்ப அங்க பொறந்த புள்ளைக்கு நம்ம சான்றே கிடைக்காதா?")

கிடைக்கும் அண்ணா. அப்பாவோட சாதிதான் புள்ளைக்கு, எங்க பொறந்தாலும். நம்ம சொந்த மாநிலம் தமிழ்நாடுன்னு நிரூபிக்கணும், அவ்வளவுதான். மத்திய அரசு வேலைக்கும் மத்திய அரசுக் கல்லூரிக்கும் எந்த ஊர்ல உட்கார்ந்து விண்ணப்பிச்சாலும் நம்ம சான்று செல்லும். செல்லாதது அந்த மாநிலத்தோட வேலை, அந்த மாநிலத்தோட காலேஜ், அந்த மாநிலத்தோட உதவித்தொகை. அதனால போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற எல்லாருக்கும், கைக்குழந்தைக்குக் கூட, பழங்குடிச் சான்று ஆன்லைன்ல எடுத்துடுங்க. அது நிரந்தரச் சான்று, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டாம். ஒருதடவை கம்ப்யூட்டர்ல ஏறிட்டா எங்க இருந்தாலும் இறக்கிக்கலாம். அப்பாவோட பழைய கையெழுத்துச் சான்றை ட்ரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டுங்க.

அடுத்தது பள்ளிக்கூடம். இதை அந்த அக்காவுக்குன்னே சொல்றேன்.

ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தை எங்க படிக்கிறோம்கிறதை வெச்சு நம்ம மாநிலத்துல நிறையக் கதவு திறக்குது. மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல வந்துச்சு. இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் எல்லாத்துக்கும் 2021-ல வந்துச்சு. அதுல சேர்றவங்களுக்குக் கட்டணமும் அரசே கட்டுது. அது யாருக்கு? ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் இங்க அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைக்கு. புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் படிக்கிற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர்லேர்ந்து. பையங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்லேர்ந்து. அதுக்கும் ஆறு முதல் பன்னெண்டு வரை இங்க படிச்சிருக்கணும். நடுவுல ரெண்டு வருஷம் வெளி மாநிலத்துல படிச்சுட்டு வந்தா அந்த வரிசை அறுந்துடும். அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் இருக்கே, அதுக்கு இன்னும் கறார். வேலைக்குப் பத்தாவதுதான் தகுதின்னாலும் ஒண்ணாவதுலேர்ந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும்.

இப்ப அந்தப் பாப்பாவை எடுத்துக்குங்க. ஆறாவது இங்க முடிச்சிருச்சு. ஏழாவது பாதி. மலையாளிப் பொண்ணு, அரசுப் பள்ளி, தமிழ் வழி. நாளைக்கு அவ நர்சிங் படிக்கணும், இன்ஜினியரிங் படிக்கணும்னு நெனைச்சா, இந்த மூணும் சேர்ந்து அவளைத் தூக்கி விடும். டிசி வாங்கினா ஒரே நாள்ல மூணையும் கீழ வெச்சிட்டுப் போறா. அங்க அவளுக்கு என்ன காத்திருக்கு? கர்நாடகாவுல 2015 சட்டப்படி கன்னடம் கட்டாயப் பாடம். கேரளாவுல 2017 சட்டப்படி மலையாளம் கட்டாயம். அது தப்பில்லை, அவங்க ஊரு, அவங்க மொழி. ஒண்ணாவதுல சேர்ற புள்ளை ஆறு மாசத்துல புடிச்சிக்கும். ஏழாவதுல போற புள்ளை எழுத்தே தெரியாம பின்பெஞ்சுல உட்காரும். அப்புறம் "வீட்டுல சும்மாத்தானே இருக்கே, மிளகு பொறுக்க வா"ன்னு அம்மாவே கூப்பிடுவாங்க. நான் பார்த்ததைத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தாலும், இங்க பத்தாவதுல தமிழ்ப் பரீட்சை கட்டாயம். அதுக்குள்ள அவளுக்குத் தமிழ் எழுதுறதும் விட்டுப் போயிருக்கும்.

(கூட்டத்தில் ஒரு பெண்: "யாருகிட்ட விட்டுட்டுப் போறது? மாமியாருக்கே கண்ணு தெரியலை.")

நியாயம். கேள்வியே அதுதான். நம்ம மலையில அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிங்க இருக்கு. தங்கிப் படிக்கலாம், சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அரசு. செங்கரையில ஏகலைவா பள்ளி இருக்கு, அதுக்கு ஆறாவதுல நுழைவுத் தேர்வு. ஹாஸ்டல்ல விட்டா புள்ளை ஏங்கிப் போகும்னு சொல்லுவீங்க. ஏங்கத்தான் செய்யும். எங்க அம்மா அப்பா குடகுக்குப் போனப்ப நானும் ஹாஸ்டல்லதான் இருந்தேன். முதல் மாசம் ராத்திரி ராத்திரி அழுதேன். மார்கழிக் குளிர்ல பச்சைத் தண்ணியில குளிச்சேன். அது சுகமா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சித்திரையில அம்மா வரும்போது நான் அதே வகுப்புல இருந்தேன். என்கூட விளையாடின ரெண்டு பொண்ணுங்க அவங்க அம்மாகூடப் போனாங்க. அவங்க திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

என் யோசனையைக் கேட்டீங்கன்னா, புள்ளை ஆறாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் நடுவுல இருக்கிற வரைக்கும் குடும்பத்தோட குடிபெயராதீங்க. சீசனுக்குப் போங்க, வாங்க. முடிஞ்சா ஒருத்தர் மட்டும் போங்க. பன்னெண்டு முடிஞ்சுட்டா எந்த ஊருக்கு வேணும்னாலும் போங்க, யாரும் கேட்க மாட்டோம். சின்னக் குழந்தை, இன்னும் பள்ளிக்கூடமே சேரலை, அங்க நல்ல வீடு, நிரந்தர வேலைன்னா, அது வேற கணக்கு. அப்படிப் போறவங்க முழுசாப் போங்க. அங்க அட்டை வாங்குங்க, புள்ளையை அந்த மொழியிலயே நல்லாப் படிக்க வைங்க. பாதி இங்க பாதி அங்கன்னு இருக்கிறதுதான் ரொம்ப மோசம். ரெண்டு பட்டியல்லயும் பேரு இருக்காது. ஓட்டும் அப்படித்தான். நிரந்தரமாப் போனா படிவம் 8 கொடுத்து அங்க மாத்திக்குங்க, சீசனுக்குப் போனா இங்கயே வெச்சுக்குங்க. பேரு இருக்கான்னு 1950-ல கேட்கலாம். டிசி வாங்கித்தான் ஆகணும்னா, தலைமை ஆசிரியர் உடனே கொடுக்கணும்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. எட்டாவது வரைக்கும் டிசி வர லேட்டாச்சுன்னு எந்த மாநிலத்துலயும் புள்ளையைச் சேர்க்க மாட்டேன்னு சொல்லக் கூடாது.

மாசமா இருக்கிற பொண்ணுங்க யாராவது இந்தத் தடவை கிளம்புறீங்களா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல மொத்தம் 18,000 ரூபாய், அது தவணை தவணையா, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சு, பரிசோதனைக்கு வந்து, அரசு ஆஸ்பத்திரியில பெத்தாத்தான். காசை விடுங்க, ஏணி பிடிக்கிற வேலை அந்த நேரத்துல வேண்டாம். அங்கயே பொறந்துட்டா 21 நாளுக்குள்ள அந்த ஊர்லயே பிறப்பைப் பதியணும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு வந்துடாதீங்க, பொறந்த இடத்துலதான் பதிய முடியும்.

நிலம். வன உரிமைச் சட்டத்துல, 2006 சட்டம், பட்டா வாங்கினவங்க அதை விக்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கும். இன்னும் மனு போட்டுக் காத்திருக்கிறவங்க, கிராம சபை நடக்கிற நாள்ல ஆள் இருந்தாத்தான் நல்லது. குடும்பமாக் கிளம்பிட்டு, மிளகுக் கொடியைக் கீழ் நாட்டு ஆளுக்கு வெள்ளைத்தாள்ல குத்தகை எழுதிக் கொடுத்துட்டுப் போறதும் நடக்குது. படிச்சுப் பார்க்காம கைநாட்டு வைக்காதீங்க. என்கிட்ட கொண்டு வாங்க, நான் படிச்சுச் சொல்றேன், அதுக்குக் காசு வாங்க மாட்டேன்.

கடைசியா முன்பணம். மேஸ்திரி நல்லவரா இருக்கலாம். பாதிப் பேர் நம்ம சொந்தக்காரங்கதான். ஆனா பெரிய தொகையைக் கையில கொடுத்து, அது கழியிற வரைக்கும் நகரக் கூடாதுன்னு சொன்னா, அது கொத்தடிமை. 1976-லேர்ந்தே சட்டப்படி குத்தம். அந்தக் கடனும் செல்லாது. பத்து நாள் செலவுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க. எங்க போறோம், எந்த எஸ்டேட், எந்த வேலைன்னு முன்னாடியே சொல்லாத வண்டியில ஏறாதீங்க. "ஆந்திராவுல மரம் வெட்டுற வேலை, ரெண்டு நாள்ல இவ்வளவு"ன்னு யாராவது சொன்னா, 2015-ஐ நினைச்சுக்குங்க. அந்த வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனதாச் சொல்லி 20 பேரைச் சுட்டாங்க. எல்லாம் தமிழ்நாட்டு ஆளுங்க. ஜவ்வாது மலை, சித்தேரி மலை. நம்ம ஜனங்க. எந்த வேலைக்குப் போறோம்னே தெரியாம வண்டி ஏறினவங்க அதுல இருந்தாங்கன்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்க இன்னும் அந்த மலையிலதான் இருக்காங்க.

இங்க விட்டுட்டுப் போற பெரியவங்களுக்கு, வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு வர்ற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்ல வந்திருக்கு. வீட்டுல அவங்க மட்டும் தனியா இருந்தா கடைக்காரர்கிட்ட பேரு இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க.

நம்பரெல்லாம் ஒரு தாள்ல அடிச்சு வெச்சிருக்கேன், போகும்போது எடுத்துக்குங்க. போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. இந்த மாநில அரசு சம்பந்தப்பட்ட எந்தப் புகாருக்கும் 1100. குழந்தைங்களுக்கு 1098. பொம்பளைங்களுக்கு 181. இ-ஷ்ரமுக்கு 14434.

நாளையிலேர்ந்து பொங்கல் வரைக்கும் மையத்தைக் காலையில எட்டு மணிக்கே திறந்துடுறேன். சாதிச் சான்று எடுக்க வர்றவங்க அப்பாவோட சான்று, ரேஷன் அட்டை, ஆதார், புள்ளையோட பள்ளிக்கூடச் சான்று கொண்டு வாங்க. ஆதார்ல இருக்கிற நம்பர் உள்ள போனும் கையில இருக்கணும், சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்க. கரண்டு இருந்து டவரும் இருந்தா அன்னைக்கே ஏத்திடலாம். டிசிக்கு மனு எழுதணும்னு யாராவது வந்தா, அதையும் எழுதித் தர்றேன். முதல்ல வீட்டுல புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.